கப்பல் பட்டியலில் ஓர் ஊர்ப்பெயர்: நேட்டாலிலிருந்து ஆரணிப் பக்கம் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே நான்கைந்து தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஒரு தமிழ்க் குடும்பத்தார், தங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குச் சென்றார் என்பதைக் கண்டறிய உதவுமாறு கேட்டிருந்தனர். அவர்களிடம் இருந்தவை இரண்டே சான்றுகள். ஒன்று, ‘ஆற்காடு பக்கம்’ என்ற குடும்பப் பேச்சு. மற்றொன்று, டர்பன் அடங்கிய அன்றைய நேட்டால் அரசு வைத்திருந்த இந்தியக் குடியேறிகளின் கப்பல் பட்டியலில் அவர் பெயர் உள்ள ஒரு பக்கத்தின் ஒளிப்படம். அந்த ஒளிப்படத்தில் இருந்த ஊர்ப்பெயரை எவ்வாறு படித்தேன், எவற்றைத் தள்ளினேன், எந்த அளவுக்கு உறுதி கிடைத்தது என்பதை, இதே வேலையில் இறங்குபவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே பதிவு செய்கிறேன். மூலம் முழுவதும் ஆங்கில எழுத்தில் இருப்பதால், அந்த எழுத்துகளை அவற்றின் பெயராலேயே ‘கே’, ‘ஓ’, ‘ஒய்’ என்று குறிக்கிறேன்.

குடும்ப வரலாறு தேடுபவர்கள் முதலில் கேட்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏட்டைத்தான். இங்கிலாந்தில் 1851 முதல் ஒவ்வொரு வீட்டாரின் பெயரும் பிறந்த ஊரும் எழுதிய கணக்கெடுப்பு ஏடுகள் இருக்கின்றன; அங்குள்ளவர்கள் அவற்றை வைத்தே தேடலைத் தொடங்குகிறார்கள். சென்னை மாகாணத்தில் 1871இல் கணக்கெடுப்பு நடந்தது, 1881 முதல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பத்தாண்டுக்கொரு முறை நடந்தது என்றாலும், வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய தாள்கள் தொகைகளைக் கூட்டி முடித்தபின் பாதுகாக்கப்படவில்லை. எனவே நம் பக்கத்துக் கணக்கெடுப்பில் ஆளைத் தேட முடியாது, ஊரைத் தேடலாம். ஆளின் பெயரும் ஊரும் ஒரே வரியில் கிடைப்பது, கடல் கடந்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகளில்தான். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்தது முதல் 1911இல் ஒப்பந்தக் குடியேற்றம் நிறுத்தப்படும் வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேருக்கும் வரிசை எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், உடலடையாளம் ஆகியவற்றோடு ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் என்று மூன்று கட்டங்களில் ஊர் விவரமும் எழுதியிருக்கிறார்கள். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். ஆக, ஆளுக்குக் கப்பல் பட்டியல், ஊருக்குக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியல் என இரண்டையும் சேர்த்துப் படிப்பதே என் வேலைமுறை ஆயிற்று.

குடும்பத்தார் கையில் ஒளிப்படத்தோடு, யாரோ தட்டச்சு செய்து வைத்த பெயர்த்தொகுப்பின் நகலும் இருந்தது. அதில் கிராமம் ‘ராயபாலூன்’ என்று படிக்கும்படி இருந்தது. இதை வைத்துத்தான் அவர்கள் இராயபுரம், ராயபாளையம் என்றெல்லாம் தேடி அலுத்திருந்தனர். தட்டச்சுத் தொகுப்புகள் நமக்குப் பெரும் உபகாரம். ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு பெயர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு வழியில்லை. ஆனால் அவற்றை வழிகாட்டிப் பலகையாக மட்டுமே கொள்ள வேண்டும். தமிழ் ஊர்ப்பெயர் எப்படி முடியும் என்று அறியாத ஒருவர், சாய்ந்த கையெழுத்தில் உள்ள ‘ஓ-ஓ-ஆர்’ என்னும் முடிவை ‘ஓ-ஓ-என்’ என்று படிப்பது இயல்பு. தமிழறிந்தவருக்கோ ‘ஊன்’ என்று ஓர் ஊர்ப்பெயர் முடிவதே ஐயத்தைக் கிளப்பும்.

எனவே தட்டச்சு நகலை ஒதுக்கிவிட்டு, ஒளிப்படத்தைப் பெரிதாக்கி அந்த எழுத்தரின் கையைப் பழகத் தொடங்கினேன். இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை எளியது: ஐயமுள்ள எழுத்தை அந்தச் சொல்லுக்குள்ளேயே வைத்து உற்றுப் பார்ப்பதை விட்டு, அதே பக்கத்தில் ஐயமில்லாமல் தெரிந்த சொற்களில் அதே எழுத்து எப்படி வருகிறது என்று திரட்டுவது. ‘ராமசாமி’, ‘ரங்கன்’ போன்ற ஆள்பெயர்களிலிருந்து தலைப்பெழுத்து ‘ஆர்’ வடிவங்களையும், ‘கந்தன்’, ‘குப்பம்மா’ போன்றவற்றிலிருந்து ‘கே’ வடிவங்களையும் வெட்டியெடுத்து ஒரு தாளில் அடுத்தடுத்து ஒட்டினேன். இந்த எழுத்தரின் ‘ஆர்’ மேல்வளைவு மூடியிருக்கும். ‘கே’ எழுத்தின் மேல்கை வளைந்து தண்டை நெருங்கினாலும் தொடாது. நம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தில் அந்த இடைவெளி இருந்தது. ஆள்பெயர்க் கட்டம் இத்தகைய வேலைக்குப் பெரிதும் உதவும்; ஊர்ப்பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஆள்பெயர்கள் திரும்பத் திரும்ப வருபவை என்பதால் அவற்றைத் தயக்கமின்றிப் படிக்க முடியும். முடிவில் பெயர் ‘கே-ஓ-ஒய்-ஏ-பி-ஏ-எல்-ஓ-ஓ-ஆர்’ என்று நின்றது. உச்சரித்தால் கொயபலூர், கோயபாலூர், கொயப்பாளூர் என எப்படியும் சொல்லலாம்.

இந்த இடத்தில் நிலப்படத்தைத் திறந்து தேடத் தூண்டும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. கிராமம் என்ற கட்டத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும்; முதலில் ஜில்லாவும் தாணாவும் உறுதிப்பட வேண்டும். நம் வரியில் ஜில்லாக் கட்டத்தில் ‘மேற்படி’ என்பதற்கான ‘டி-ஓ’ குறிதான் இருந்தது. அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், பக்கத்தின் உச்சியில் ‘ஆற்காடு’ என்றும் அதன் முன்னே மை பரவிய ஒற்றை எழுத்தும் இருந்தன. அது ‘என்’ ஆனால் வட ஆற்காடு. ‘எஸ்’ ஆனால் தென் ஆற்காடு. மேற்படிக் குறிகளை இப்படி நெடுந்தூரம் நம்புவதும் ஆபத்து: இடையில் வேறு ஜில்லாக்காரர் ஒருவர் வந்து, அவருக்குக் கீழே மீண்டும் பழையபடி குறி தொடரும்போது, அது யாரைச் சுட்டுகிறது என்பது எழுத்தருக்கே தெளிவாக இருந்திருக்காது. நல்லவேளையாகத் தாணாக் கட்டத்தில் முழுப் பெயர் எழுதப்பட்டிருந்தது: ‘ஏ-ஆர்-என்-இ-இ’, அதாவது ஆரணி.

ஆரணி என்றதும் முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. தமிழ்நாட்டில் ஆரணி இரண்டு உண்டு. பொன்னேரிப் பக்கம் ஆரணியாற்றங்கரையில் உள்ள ஆரணி, அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஜாகீராக, அதாவது ஒருவருக்கு மானியமாக விடப்பட்ட நிலப்பகுதியாக, இருந்த ஆரணி வட ஆற்காட்டைச் சேர்ந்தது. பக்கத்தின் உச்சியில் ‘ஆற்காடு’ என்னும் சொல்லேனும் ஐயமின்றி இருப்பதால், பொன்னேரிப் பக்கத்து ஆரணி விலகுகிறது. ஆரணி கிடைத்ததால் மை பரவிய எழுத்து ‘என்’ என்றும் தெளிகிறது. ஒரு கட்டத்தின் குறையை மற்றொரு கட்டம் தீர்ப்பது இப்படித்தான். இதே வட்டாரத்தில் சேத்துப்பட்டு என்று எழுதியிருந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டியிருந்திருக்கும்; சென்னைச் சேத்துப்பட்டை மட்டும் அறிந்தவர்கள், திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டுக்காரர் ஒருவரை எளிதில் சென்னைவாசி ஆக்கிவிடுவார்கள்.

தாணா என்ற கட்டத்தைப் பற்றி ஒரு சொல். காவல் நிலைய எல்லையைக் குறிக்கும் அந்தப் பிரிவு வட இந்தியப் பழக்கத்துக்கு ஏற்றது. சென்னைக் கப்பல்களின் பட்டியலில் அதில் பெரும்பாலும் தாலுகாவின் பெயரோ அருகிலுள்ள பெரிய ஊரின் பெயரோ இடம்பெற்றது. ஆகவே ‘ஆரணி’ என்பதை நிர்வாக எல்லையாகக் கொள்ளாமல், ‘ஆரணிப் பக்கம்’ என்று அந்த மனிதர் வாயால் சொன்னதாகவே கொண்டேன். இன்று ஊர்க்காரர் ஒருவர் வெளியூரில் தன் ஊரைச் சொல்லும்போதும் வட்டத்தின் பெயரையா சொல்கிறார்? சந்தைக்குப் போகும் ஊரைத்தான் சொல்கிறார். இந்தத் தளர்வை ஏற்றுக்கொண்டதால், ஆரணி ஜாகீருக்கு வெளியே இருந்த சுற்றுவட்டாரக் கிராமங்களும் என் தேடலுக்குள் வந்தன.

அடுத்தது கிராமப் பட்டியல். கப்பல் 1890களின் பிற்பகுதியில் சென்றது. அப்போதைய வட ஆற்காடு சித்தூரைத் தலைநகராகக் கொண்ட பெரிய ஜில்லா. 1911இல் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. அதே ஆண்டு தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் சேலத்திலிருந்து திருப்பத்தூரும் வட ஆற்காட்டுக்கு வந்தன. 1960இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. அதில் எஞ்சிய வேலூர் 2019இல் மீண்டும் பிரிந்தது. ஆகவே இன்றைய மாவட்டப் பெயரை வைத்துப் பழைய ஜில்லாவைத் தேடினால், இருக்க வேண்டிய ஊர்கள் விடுபடும். இருக்கக் கூடாத ஊர்கள் புகும். நான் 2011 கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களை எடுத்துக்கொண்டேன். வேலூர் அப்போது பிரிக்கப்படாமல் இருந்ததால் வேலை குறைந்தது. அவற்றிலிருந்து, 1911க்கு முன் வேறு ஜில்லாவில் இருந்த திருவண்ணாமலை, திருப்பத்தூர்ப் பகுதிகளைத் தனியே ஒதுக்கி வைத்தேன். சித்தூர்ப் பக்கத்துப் பட்டியலை, தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று வேறு தாளில் வைத்தேன்.

பட்டியல் கணினியில் விரிதாளாக இருக்கும்போது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது வீண்வேலை. ‘கொய’ என்று தொடங்கும் ஊர் எதுவும் அதில் எனக்குப் பொருத்தமாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலப் பெயர்களுக்கென்று செய்யப்பட்ட ஒலியொப்புச் சூத்திரங்களும் நம் பெயர்களுக்குப் பொருந்தி வருவதில்லை. எனவே நானே ஒரு சிறு மாற்றட்டவணை தயாரித்தேன். உயிரெழுத்துகளை எல்லாம் நீக்கிவிட்டு மெய்களை மட்டும் வைத்துக்கொள்வது. இரட்டித்த மெய்யை ஒன்றாக்குவது. ‘கே’, ‘சி’, ‘ஜி’, ‘எச்’ நான்கையும் ககரமாக்குவது. ‘டி’ வகைகளையெல்லாம் ஒன்றாக்குவது. மூன்று னகர ஒலிகளையும் ஒன்றாக்குவது. லகர, ளகர, ழகரங்களை ஒன்றாக்குவது. ‘சி’ மட்டும் சகரமாகவும் நிற்கும் என்பதால் அதற்கு இரண்டு வடிவம் கொடுக்க வேண்டும்.

அட்டவணையை உருவாக்கும்போது, பழைய ஆங்கில எழுத்துமுறை எந்தெந்த ஒலியை எப்படித் திரித்தது என்பதற்கு, நமக்கு விடை தெரிந்த பெரிய ஊர்களே பாடநூல். ‘திரு’ என்பது ‘ட்ரி’ ஆனதை டிரிப்ளிக்கேன் காட்டும். ‘பட்டினம்’ என்பது ‘பட்டம்’ ஆனதை நெகபட்டம் காட்டும். ‘புரம்’ பேச்சில் ‘வரம்’ ஆகிப் பின் எழுத்தேறியதைக் காஞ்சீவரம் காட்டும். செஞ்சி ‘ஜிஞ்சி’ ஆனதும் வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ ஆனதும் முதல் மெய்யைக்கூட முழுதாக நம்ப முடியாது என்பதற்குச் சான்றுகள். இவற்றைவிட நுட்பமான ஒரு திரிபு உண்டு: பேச்சில் சொல்முதல் எகர ஏகாரம் யகரத்தோடும், உகர ஒகரம் வகரத்தோடும் ஒலிப்பதை அப்படியே காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஏற்காடு ஆங்கிலத்தில் ‘ஒய்’ எழுத்தில் தொடங்குவதும், உடையார்பாளையம் பழைய ஏடுகளில் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்குவதும் இதனால்தான். அகரவரிசையில் ‘ஒய்’, ‘டபிள்யூ’ பகுதிகளைப் பார்க்காமல் விட்டால் இத்தகைய ஊர்கள் அகப்படவே மாட்டா.

இந்தத் திரிபுகள் எல்லாம் சுட்டுவது ஒன்றே: பட்டியலில் இருப்பது எழுதப்பட்ட பெயரின் நகல் அன்று, வாயால் சொல்லப்பட்ட பெயரின் பதிவு. சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்திருக்கலாம்; கேட்டு எழுதியவர் தெலுங்கு பேசுபவராகவோ வேறு ஜில்லாக்காரராகவோ இருந்திருக்கலாம்; அதைப் பெயர்த்து எழுதியவர் தமிழே அறியாதவராக இருந்திருக்கலாம். எனவே ‘கொயபலூர்’ என்பதை எந்த ஊரின் எழுத்துவடிவம் ஒத்திருக்கிறது என்று கேட்பதைவிட, ஆரணிப் பக்கத்து மனிதர் ஒருவர் எந்த ஊரைச் சொன்னால் அது காதில் ‘கொய’ என்று விழும் என்று கேட்பதே பயன் தரும்.

அப்படிக் கேட்டவுடன் விடையின் திசை தெரிந்தது. வட ஆற்காட்டுப் பேச்சில் ழகரம் யகரமாக ஒலிப்பது நாமறிந்த செய்தி. வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும். கோழி ‘கோயி’ ஆகும். கிழவி ‘கெயவி’ ஆவாள். சென்னைப் பேச்சை நையாண்டி செய்பவர்கள் இதைச் சென்னைக்கே உரியதாக நினைப்பதுண்டு. வேலூர், ஆரணிப் பக்கங்களில் நான்கு நாள் இருந்தால் அந்த எண்ணம் போய்விடும். ஆக, ‘ஒய்’ எழுத்து யகரத்தையும் குறிக்கலாம், ழகரத்தையும் குறிக்கலாம். அட்டவணையில் யகரத்தையும் லகரக் கூட்டத்தோடு சேர்த்து மீண்டும் ஓட்டினேன். ‘க-ல-ப-ல-ர’ என்னும் மெய்க்கோவைக்கு இப்போது சில ஊர்கள் வந்து நின்றன. அவற்றுள் கருதத்தக்கவை இரண்டு: கொழப்பலூர், கலசபாக்கம் பக்கத்துக் கீழ்பாலூர்.

மெய்க்கோவை இரண்டுக்கும் ஒன்றே என்பதால், நீக்கி வைத்திருந்த உயிர்களை மீண்டும் அழைத்து வந்து சாட்சி கேட்க வேண்டியதாயிற்று. ‘கீழ்’ என்னும் அடை இந்த ஏடுகளில் ‘கே-இ-இ-எல்’ என்றோ ‘கே-ஐ-எல்’ என்றோ வருவது வழக்கம். ழகரம் யகரமாகக் கேட்டிருந்தாலும் முதலில் இகர ஓசை போகாது. நம் வரியில் முதல் உயிர் ‘ஓ’ என்பதில் ஐயமே இல்லை. வட்டம் முழுமையாக மூடியிருக்கிறது. மேலும் கீழ்பாலூர்க்காரர் ஒருவர் அருகிலுள்ள பெரிய ஊராகப் போளூரைச் சொல்லியிருப்பாரே தவிர ஆரணியைச் சொல்லியிருக்கமாட்டார். கொழப்பலூரோ ஆரணியிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள ஊர். ஆரணிப் பேருந்து நிலையத்தில் நின்று கேட்டால், நடத்துநர் சிலர் வாயில் இன்றும் அந்தப் பெயரின் ழகரம் நழுவி யகரமாகவே வருகிறது. அச்செழுத்தில் இல்லாத சான்று அங்கே நாள்தோறும் கூவப்படுகிறது.

இன்னொரு போட்டியாளரையும் இங்கே சொல்ல வேண்டும். ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் அருகே கொளப்பலூர் என்று ஒரு பேரூர் உண்டு. ஆங்கில எழுத்தில் இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது. இணையத்தில் தேடுபவருக்கு முதலில் அகப்படுவதும் அந்த ஊராகவே இருக்கக்கூடும். ஜில்லாக் கட்டம் முற்றிலும் அழிந்துபோயிருந்தால் என்ன செய்திருப்போம்? அப்போதும் ஒரு வழி இருந்திருக்கும். கோபிப் பக்கத்து ஊரில் இருப்பது ளகரம். ளகரம் யகரமாகத் திரிவதில்லை. ‘ஒய்’ எழுத்து ஒன்றே அந்த ஊரை விலக்கப் போதுமானது. எழுத்தர் பிழையாக எழுதிவிட்டார் என்று நாம் முதலில் நினைக்கும் எழுத்தே, சில வேளைகளில் ஊரைக் காட்டிக்கொடுக்கும் எழுத்தாகிறது. இதனால்தான், குடும்ப மரத்தில் பெயரைத் ‘திருத்தி’ எழுதுபவர்களிடம் மூலவடிவத்தை அழிக்க வேண்டாம் என்று நான் மன்றாடுகிறேன்.

இவ்வளவும் அறிவால் கட்டிய வாதம். ஏட்டுக்குள்ளேயே ஒரு சான்று கிடைத்தால்தான் மனம் நிறையும். கப்பல் பட்டியல்களில் ஒரே ஊரார், ஒரே நாளில் பதிவானவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். தனியாகப் புறப்பட்டதாகக் குடும்பக் கதை சொல்லும் ஆளுக்கு முன்னும் பின்னும் அவர் ஊர்க்காரர்கள் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே அந்த ஒரு பக்கத்தோடு நில்லாமல் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அனுப்புமாறு கேட்டேன். பின்பக்கத்தின் தொடக்கத்தில், ஆரணியையே தாணாவாகக் கொண்ட ஒரு பெண்ணின் வரியில் கிராமம் ‘சி-ஓ-எல்-ஏ-பி-ஏ-எல்-ஓ-ஓ-ஆர்’ என்று இருந்தது. அதாவது அங்கே ழகரம் லகரமாக எழுதப்பட்டிருக்கிறது, முதலெழுத்தும் வேறு. கையெழுத்து ஒன்றே ஆயினும் எழுத்துக்கோவை வேறுபடுவதால், இந்தப் பட்டியல் வெவ்வேறு பதிவுச் சீட்டுகளைப் பார்த்துப் பெயர்த்தெழுதியது என்று கொள்வது பொருந்தும். இரண்டு காதுகள் ஒரே ஊரைத் தனித்தனியே கேட்டு, ஒன்று யகரமாகவும் மற்றொன்று லகரமாகவும் எழுதியிருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருக்கக்கூடிய தமிழ் ஒலி ழகரம் ஒன்றுதான்.

இதன்பின் பழைய நிலவரைபடத்தைத் திறந்தேன். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் சர்வே துறை வெளியிட்ட தாள்களில், இப்பகுதி 57 என்னும் எண்ணுள்ள தொகுதியில் அடங்கும். கணக்கெடுப்புப் பட்டியல் வருவாய்க் கிராமத்தை மட்டுமே சொல்லும். அதற்குள் அடங்கிய மஜராக்கள் எனும் உட்கிராமங்கள், சேரிகள், ஏரிக்கரைக் குடியிருப்புகள் அதில் தனிப்பெயராக வருவதில்லை. வரைபடத் தாளில் அவை சிறு புள்ளிகளாகவேனும் காட்டப்பட்டிருக்கும். கொள்ளுத்தாத்தா கொழப்பலூருக்குள் பிறந்தாரா, அதைச் சேர்ந்த ஏதேனும் ஒரு மஜராவில் பிறந்தாரா என்பதைக் கப்பல் பட்டியல் சொல்லாது. நிலம் வைத்திருந்த குடும்பமாக இருந்தால் நிலவரித் திட்டப் பதிவேடுகளில் தந்தையின் பெயர் இருக்கக்கூடும். கூலி வேலையை நம்பிக் கடல் கடந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த வாய்ப்புக் குறைவு என்பதையும் டர்பன் குடும்பத்தாருக்கு ஒளிவின்றி எழுதினேன்.

அவர்களுக்கு அனுப்பிய குறிப்பில் ஊர்ப்பெயரை மூன்று வரிகளாகப் பிரித்தே கொடுத்தேன். முதல் வரியில் ஏட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, மை பரவிய இடத்தையும் மேற்படிக் குறியையும் சுட்டி. இரண்டாவது வரியில் நான் படித்த வடிவமும் அதற்கான காரணங்களும், விலக்கிய ஊர்களின் பெயரோடு. மூன்றாவது வரியில் இன்றைய இடம்: திருவண்ணாமலை மாவட்டம், கொழப்பலூர். உறுதி என்னும் கட்டத்தில் ஜில்லாவுக்கும் தாணாவுக்கும் ‘ஐயமில்லை’ என்றும், கிராமத்துக்கு ‘மிகப் பொருத்தம்’ என்றும், குடியிருப்புக்கு ‘தெரியவில்லை’ என்றும் எழுதினேன். அந்தப் பெண்ணின் எண்ணையும் குறித்து, அவர் வழியினர் எவரேனும் நேட்டாலில் இருக்கிறார்களா என்று தேடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் ஊர்ப்பெயர் வேறு வடிவத்தில் வழங்கிவந்தால், இரண்டாவது வரியை மாற்ற வேண்டியிருக்கும்.